யாரும் சொல்லித்தராமல்

‘நானாகவே கற்றுக்கொண்டது’ என்று சொல்லிக்கொள்வதில் ஒரு சௌகரியம் உண்டு. யாருக்கும் குரு தட்சிணை பாக்கி வராது. கம்ப்யூட்டர் தொழிலில் இருக்கும் என் வயதுக்காரர்கள் பலரும் இந்தச் சௌகரியத்தை நெடுங்காலமாக அனுபவித்து வருகிறோம். இளசு யாராவது அகப்பட்டால் போதும், “எங்க காலத்துல கூகுளா, யூட்யூபா? நாங்களா முட்டிமோதிக் கத்துக்கிட்டோம்” என்று ஆரம்பித்துவிடுவோம். அவர்களும் போனை மேஜைக்கடியில் வைத்துக்கொண்டு மரியாதையாகத் தலையாட்டுவார்கள்.

உட்கார்ந்து கணக்குப் பார்த்தால், எனக்கு சி மொழி சொல்லிக்கொடுத்தவர்களை ஏற்ற ஒரு வேன் பத்தாது. அவர்களில் பெரும்பாலோருக்கு சி தெரியாது என்பது தனி விஷயம்.

1996-இல் மதுரையில் ஓர் இரும்புக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பி.காம். படித்துவிட்டு ஆணி, கீல், கட்டுக்கம்பி விற்ற சிட்டை. எதிர்வரிசை மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். அந்த நாளில் ஊரெங்கும் இப்படி மாடிகள் முளைத்திருந்தன. கீழே ஜவுளிக்கடை, மேலே எதிர்காலம். டாஸ், லோட்டஸ், டிபேஸ், கோபோல், சி, சி ப்ளஸ் ப்ளஸ் என்று சுவர் முழுக்கப் பெயின்டில் எழுதியிருந்தார்கள். கோர்ஸ் ஃபீஸைக் கேட்டதும் இறங்க ஆரம்பித்தேன். பாதிப் படியில் கூப்பிட்டு, “சிஸ்டம் டைம் மட்டும் மணிக்கணக்குல எடுத்துக்கலாம் தம்பி, ஆனா சொல்லித்தர மாட்டோம்” என்றார்கள். நான் தானாகக் கற்றவன் ஆனது அந்தப் படிக்கட்டில்தான். லட்சியமெல்லாம் இல்லை, சொல்லித்தருவதற்குத் தனிக் காசு.

செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். குளிரில் கை விறைக்கும். “ஏசி உங்களுக்கில்ல, மெஷினுக்கு” என்பார் பொறுப்பாளர் அண்ணன். சொல்லித்தர மாட்டோம் என்ற விதியை முதலில் மீறியவர் அவர்தான். அவருக்கு லோட்டஸ் நன்றாகத் தெரியும். சி-யைப் பொறுத்தவரை சில ஆசாரங்கள் தெரியும். முதலில் இரண்டு ஹெடர் ஃபைல். அப்புறம் வாய்டு மெயின். வேரியபிள்களையெல்லாம் எழுதி முடித்த பிறகே கிளியர் ஸ்கிரீன் போட வேண்டும், முன்னால் போட்டால் ஆகாது. கடைசி வரியில் கெட்ச். அதை மறந்தால் விடை கண்ணில் படாமலே மறைந்துவிடும், அப்போது ஆல்ட் எஃப்5. ஏன் என்று கேட்டால், “அது அப்படித்தான் போடணும்.” அந்தக் கால கம்பைலர், வேரியபிள் அறிவிப்புகள் எல்லாம் தொடக்கத்திலேயே வந்தாக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் என்பதும், புரோகிராம் முடிந்த மறு நொடியே டர்போ சி-யின் நீலத் திரை வந்து விடையை மூடிவிடும் என்பதும் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. புரோகிராம் மட்டும் ஓடியது.

அண்ணன் வரலாறும் சொல்லித்தந்தார். சி-யை உருவாக்கியவர் டென்னிஸ் ரிச்சி, அவர் பேரில்தான் மெட்ராஸில் ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கிறது, அதனால்தான் அங்கே கம்ப்யூட்டர் சாமான் கிடைக்கிறது. முதல் தகவல் சரி. ரிச்சி 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பெல் லேப்ஸில் உட்கார்ந்து அதை உருவாக்கினார். மற்ற இரண்டும் அண்ணனின் சொந்தச் சரக்கு. நான் அவற்றை வெகு காலம் மற்றவர்களுக்கும் விநியோகித்து வந்தேன்.

அடுத்த குரு ஜெராக்ஸ் கடைக்காரர். யஷ்வந்த் கனேட்கரின் ‘லெட் அஸ் சி’ அன்றைக்கு எல்லோர் கையிலும் இருந்தது. இல்லாதவர்கள் புதுமண்டபத்துக் கல்தூண்களுக்கு நடுவே பழைய புத்தகம் தேடுவார்கள். (அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. தூண்களை நிம்மதியாகப் பார்க்கலாம்.) அங்கும் கிடைக்காதவர்களுக்கு ஜெராக்ஸ். நான் ஆரம்பத்திலிருந்து பாயிண்டர் பாடம் வரைக்கும் போடச் சொன்னேன். கடைக்காரர் நிமிர்ந்து பார்க்காமலே, “பாயிண்டருக்கு முன்னாடி வரைக்கும் போடட்டா? எல்லாரும் அதோட நிறுத்திக்கிறாங்க. வீணா காசு ஆகும்” என்றார். சி கற்பவர்கள் எந்த இடத்தில் கழன்றுகொள்கிறார்கள் என்பதை இத்தனை கச்சிதமாக எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொன்னதில்லை. ஒரு ரோஷத்தில் பாயிண்டரையும் சேர்த்துப் போட்டுக்கொண்டேன். அந்தப் பக்கங்கள் ரொம்ப நாள் மடிப்புக் கலையாமல் இருந்தன.

மூன்றாமவர் டீ கொண்டுவரும் பையன். அவனுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஒரு நாள் ‘ஸ்டேட்மெண்ட் மிஸ்ஸிங்’ என்று, அரைப்புள்ளி இல்லை என்ற குற்றச்சாட்டோடு ஒரு வரி பளிச்சென்று நின்றது. அந்த வரியில் அரைப்புள்ளி ஜம்மென்று இருந்தது. அழித்துத் திரும்ப அடித்தேன். மறுபடி அதே வரி. தம்ளரை வைத்தவன் திரையைப் பார்த்துவிட்டு, “அதுக்கு மேல் வரியப் பாருங்கண்ணே. எல்லாரும் அங்கதான் கண்டுபிடிப்பாங்க” என்றான். மேல் வரியில்தான் இல்லை. ஒரு வாக்கியம் முடியவில்லை என்பது, அடுத்த வரியின் முதல் சொல்லைத் தொட்ட பிறகே கம்பைலருக்கு உறைக்கும். ஆகவே அது தான் நிற்கும் இடத்தைக் காட்டும், தப்பு அதற்குப் பின்னால் இருக்கும். டீப் பையன் இந்தத் தத்துவத்தை மேஜை மேஜையாகப் பார்த்தே தேறியிருந்தான்.

எல்லோரையும் விடப் பெரிய ஆசான் என்றால் பக்கத்து மெஷின் சார். ரயில் தபால் சேவையான ஆர்.எம்.எஸ்.ஸில் தபால் பிரிக்கும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஜாதகம் கணிக்கும் புரோகிராம் ஒன்றை எழுதிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. அப்போது கம்ப்யூட்டர் ஜாதகம் என்றால் ஜனங்களுக்குத் தனி மரியாதை. பிரிண்டர் கிரீச்சிட்டுக்கொண்டே அச்சடித்ததில் பொய் இருக்க முடியாது என்று நம்பினார்கள்.

சார் மெஷின் முன்னால் உட்கார்ந்ததும் கீபோர்டைத் தொட மாட்டார். பின்பக்கம் காலியாக இருக்கும் பழைய இலாகா படிவங்களில் கட்டம் போடுவார். ஒரு பத்தி ‘ஐ’க்கு, ஒரு பத்தி ‘சம்’முக்கு. லூப் ஒரு சுற்று போக ஒரு வரி. ஒவ்வொரு சுற்றிலும் எந்த வேரியபிளில் என்ன இருக்கும் என்று பேனாவால் எழுதி, கடைசி விடையைக் கீழே கோடிட்டு வைத்துவிட்டுத்தான் மெஷினில் அடிப்பார். இரண்டும் ஒத்துப்போனால் அதைப் பார்த்து, “பரவால்ல, இதுக்கும் கணக்கு வருது” என்பார். அவருக்கு அது பரீட்சை வைக்கிற முறை. பரீட்சை எழுதுவது கம்ப்யூட்டர்.

பாடத்தில் பபிள் சார்ட் வந்தபோது அவர் கொதித்துப்போனார். பக்கத்துப் பக்கத்து எண்களை ஒப்பிட்டு, மாற்றி மாற்றி வைத்து வரிசைப்படுத்தும் முறை அது. நூறு எண் என்றால் 4,950 ஒப்பீடு வரை போகும். “ரெண்டு ரெண்டு கடுதாசியா எடுத்துப் பார்த்துக்கிட்டிருந்தா, வண்டி திருச்சியத் தாண்டிரும் தம்பி. பை அப்படியே கிடக்கும்.” ஓடும் ரயிலில் அவர்கள் செய்தது வேறு. முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளம், ஒரு குவியல். முதல் மூன்று 625 என்றால் மதுரைப் பக்கம், ஒரு புறாக்கூடு. எந்தக் கடிதத்தையும் இன்னொன்றோடு ஒப்பிடுவதில்லை. இலக்கத்தைப் பார், கூட்டில் போடு, அவ்வளவுதான். இதற்கு ரேடிக்ஸ் சார்ட் என்று புத்தகங்களில் பெயர் இருக்கிறது என்பது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. சாருக்குத் தெரியவே வந்திருக்காது. பின்கோடு நடைமுறைக்கு வந்ததும் சி மொழி உருப்பெற்றதும் ஒரே 1972-இல். இரண்டையும் ஒரு மேஜையில் சந்திக்க வைத்தவர் அவர்தான் என்பது என் எண்ணம்.

என் பங்குக்கு நான் கடையின் அன்றாட விற்பனையைக் கூட்டும் புரோகிராம் ஒன்றை எழுதினேன். முதலாளி அண்ணாச்சியையே மாடிக்கு அழைத்துவந்து, செருப்பைக் கழற்றச் சொல்லி, காட்டினேன். முற்பகல் விற்பனை 20,000, பிற்பகல் 15,000. என்டரைத் தட்டினேன். மொத்தம் –30,536 என்று வந்தது.

அண்ணாச்சி நீண்ட நேரம் அதைப் பார்த்தார். “இவ்வளவு நஷ்டத்துல கடை ஓடலியே தம்பி” என்றார். பொறுப்பாளர் அண்ணன் வந்து பார்த்துவிட்டு வைரஸ் என்றார். அந்தக் காலத்தில் காரணம் தெரியாத எல்லாவற்றுக்கும் வைரஸ்தான் காரணம்.

டர்போ சி-யில் இன்டிஜருக்கு ஒதுக்கிய இடம் 16 பிட். –32,768 முதல் 32,767 வரைதான் அதற்குள் கொள்ளும். அதைத் தாண்டினால், கரண்டு மீட்டர் 9999-க்கு அப்புறம் 0000-க்கு வருவதைப் போல, எண் அடிமட்டத்துக்குப் போய் அங்கிருந்து ஏறிவரும். எச்சரிக்கை, பிழைச்செய்தி எதுவும் கிடையாது. சாருக்கு இந்தத் தொல்லையே வந்ததில்லை. அவர் ராசிச் சக்கரத்தைக் கலைகளாக மாற்றி வைத்திருந்தார். 360 பாகை, பாகைக்கு 60 கலை, ஆக 21,600. இருபத்தேழு நட்சத்திரத்துக்குப் பங்கு போட்டால் தலைக்கு 800 கலை. வகுத்தால் நட்சத்திரம், மிச்சத்தை 200-ஆல் வகுத்தால் பாதம். எந்தக் கிரகம் எங்கே நின்றாலும் எண் 21,600-ஐத் தாண்டாது. வானமண்டலம் முழுக்க இன்டிஜருக்குள் அடங்கியது. ஆணிக்கடைச் சிட்டைதான் அடங்கவில்லை.

அண்ணன், “ஃப்ளோட் போடு” என்றார். போட்டேன். கூட்டல் சரியாக வந்தது. மாதக் கணக்கு லட்சத்தைத் தாண்டி மேலே போனதும் பைசா ஆட ஆரம்பித்தது. ஃப்ளோட்டில் ஏழு இலக்கம் வரைதான் நம்பிக்கை, அதற்குமேல் உத்தேசம். அண்ணாச்சியிடம் உத்தேசம் செல்லாது. கடைசியில் சார்தான் வழி சொன்னார். “ரூபாயில ஏன் வச்சுக்கிறே? எல்லாத்தையும் பைசாவாக்கி லாங்குல போடு. புள்ளி வச்சாத்தானே தகராறு.” லாங் வேரியபிளில் இரண்டு கோடியே பதினான்கு லட்சம் ரூபாய் வரை பைசா பிசகாமல் நிற்கும். எங்கள் கடைக்கு அது தாராளம். ஆன்லைனில் பணம் கட்டும் மென்பொருள்களில் இன்றைக்கும் தொகையைப் பைசாவில் முழு எண்ணாக அனுப்பும் வழக்கம் இருக்கிறது. அதை எழுதும் பிள்ளைகள் நல்ல கல்லூரிகளில் படித்து இதைத் தெரிந்துகொள்கிறார்கள். எனக்கு ஆர்.எம்.எஸ்.ஸில் கிடைத்தது.

இதையெல்லாம் சொல்வதால் அந்தக் காலத்துக் கஷ்டத்தில் ஏதோ புனிதம் இருந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வாங்கிய சிஸ்டம் டைமில் பாதி, மொழியைக் கற்பதில் போகவில்லை. ஃப்ளாப்பியிடம் கெஞ்சுவதில் போனது. ‘அபார்ட், ரீட்ரை, ஃபெயில்?’ என்று கேட்கும். எதை அமுக்கினாலும் மூன்றாவதுதான் நடக்கும். முடிவில்லாத லூப்பில் மாட்டிக்கொண்டால் ரீசெட் பொத்தான். சேமிக்காத புரோகிராம் அதோடு சரி. எஃப்2-வை அமுக்கிச் சேமிக்கும் நடுக்கம் இன்றும் என் விரலை விட்டுப் போகவில்லை. இப்போதைய எடிட்டரில் எஃப்2 என்றால் பெயர்மாற்றம். என் வேரியபிள்களுக்குப் பெயர் மாறிக்கொண்டே இருக்கிறது.

இப்போது அக்கா மகள் என்ஜினீயரிங் படிக்கிறாள். அண்ணா பல்கலைக்கழகம் 2017 பாடத்திட்டத்திலேயே முதல் பருவத்தில் பைத்தானைக் கொண்டுவந்துவிட்டது. பைத்தான் என்றால் ஏதோ நேற்றுப் பிறந்த சமாசாரம் என்று நானும் இருந்தேன். கைடோ வான் ராசம் நெதர்லாந்தில் அதை வெளியிட்டது 1991-இல். டர்போ சி ப்ளஸ் ப்ளஸ் வந்தது 1990-இல். என் ‘பழங்கால’க் கருவிக்கும் அவளுடைய ‘நவீன’ மொழிக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம். நான் மாடியில் விறைத்துக்கொண்டு அரைப்புள்ளி தேடியபோதே, அரைப்புள்ளி கேட்காத மொழி ஒன்று உலகத்தில் இருந்திருக்கிறது. டீப் பையன் உட்பட யாரும் அதைச் சொல்லவில்லை.

அவள் கற்கும் முறையே வேறு. ஐ.ஐ.டி. வாத்தியார்கள் என்.பி.டி.இ.எல்.லில் பாடம் எடுக்கிறார்கள், ஹார்வர்டின் சிஎஸ்50 வீட்டுக்கே வருகிறது, எல்லாம் இலவசம். இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிடுகிறாள். முதல் புரோகிராம் எழுதுவதற்கு முன்பே சான்றிதழ்கள் வந்துவிட்டன. சந்தேகம் என்றால் ஏஐ. என் பொறுப்பாளர் அண்ணனுக்கு நேர் எதிர் குணம் அதற்கு. எதைக் கேட்டாலும் முதலில் கேள்வியைப் பாராட்டுகிறது. பிறகு ஏன், எப்படி, வேறு வழி என்ன என்று வாய் வலிக்காமல் சொல்கிறது. நடுராத்திரியில் கேட்டாலும் மூஞ்சியைத் தூக்குவதில்லை. அன்றைக்கு என் கையில் அது இருந்திருந்தால் அந்த மாடிப்படியை நான் ஏறியிருக்கவே மாட்டேன். சாரையும் பார்த்திருக்க மாட்டேன், அது வேறு.

ஒரு நாள் அவளிடம் என் மைனஸ் முப்பதாயிரம் கதையைச் சொன்னேன். நம்பவில்லை. பைத்தானில் இரண்டின் ஆயிரமாவது அடுக்கைப் போட்டுக் காட்டினாள். 302 இலக்கம், ஒன்றுகூடப் பிசகாமல் வந்து விழுந்தது. “அண்ணாச்சி கடைக்கு இது போதுமா மாமா?” என்றாள். பிறகு ‘வட்டி’, ‘அசல்’ என்று வேரியபிளுக்கே தமிழில் பெயர் வைத்து ஒரு வட்டிக் கணக்கை எழுதினாள். ஓடியது. டாஸ் காலத்தில் சார் மேஷம், ரிஷபத்தையெல்லாம் ஆங்கில எழுத்தில் அச்சடித்துவிட்டு வருத்தப்பட்டுக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. ராசிக் கட்டத்தின் கோடுகளை மட்டும் எக்ஸ்டெண்டட் ஆஸ்கி 179, 196 என்று எண்களைப் போட்டு அழகாக வரைந்திருந்தார்.

பைத்தானிடம் ‘வணக்கம்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டுப் பார் என்றேன். ஏழு என்றது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட ஐந்து என்று சொல்லும். அவள் ஏஐ-யைக் கேட்டாள். யூனிகோடில் புள்ளிக்குத் தனி எண் உண்டு, ‘க்’ என்பது இரண்டு, ‘ம்’ என்பது இரண்டு, ஆக ஏழு என்று பதில் கேள்வி முடிவதற்குள் வந்துவிட்டது. சரியான பதில். அதோடு அந்த உரையாடல் முடிந்தும் போனது. எனக்கு ஏதோ குறைந்தது. பக்கத்தில் யாராவது வைரஸ் என்று சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வேடிக்கை அடுத்த பருவத்தில்தான். சி பாடம். ஆய்வகத்திலிருந்து போனில் படம் அனுப்பினாள். அதே நீலத் திரை, அதே மஞ்சள் எழுத்து, டர்போ சி! 64 பிட் விண்டோஸில் அந்தப் பழைய மென்பொருள் நேரடியாக ஓடாது. அதற்காக டாஸ்பாக்ஸ் என்ற புரோகிராமை வைத்து, புத்தம்புது கம்ப்யூட்டருக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டரை நடிக்கவிட்டிருக்கிறார்கள். நம் ஊர்க் கல்லூரி ஆய்வகங்கள் பலவற்றில் இதுதான் நடக்கிறது. “மாமா, ரிசல்ட் காணாமப் போயிருச்சு” என்று மெசேஜ். ஆல்ட் எஃப்5 என்று பதில் போட்டேன். வீட்டில் அன்றைக்கு எனக்கிருந்த கௌரவம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

“மாமா, நீங்களும் வாய்டு மெயின்தான் போட்டீங்களா? அது தப்பாம். 1989 ஸ்டாண்டர்டுலயே இன்ட் மெயின்தானாம்.” ஏஐ சொன்னதைத்தான் சொன்னாள். உண்மைதான். ஆனால் ரெக்கார்டு நோட்டில் வாய்டு மெயின் என்று எழுதினால்தான் கையெழுத்து கிடைக்கிறது. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு இன்ட் மெயின். இரண்டுக்கும் இரண்டு நோட்டு வைத்துக்கொண்டாள்.

செய்முறைத் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் வாய்மொழியாக ஒன்று கேட்டார், இன்டிஜரில் எவ்வளவு வரை கொள்ளும் என்று. இவள் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 என்று கடகடவென்று சொல்லியிருக்கிறாள். அவர், 32,767 என்றார். இல்லை சார், இப்போதெல்லாம் 32 பிட் என்று இவள். அவர் வாதாடவில்லை. “உங்க ரெக்கார்டுல என்னம்மா எழுதியிருக்கீங்க?” என்று நோட்டைத் திறந்தார். இவள் கையெழுத்திலேயே 32,767 என்று இருந்தது. சீனியர் அக்காவின் நோட்டைப் பார்த்து எழுதியது. அந்த நீலத் திரைக்குள் அவர் சொன்னதே சரி. வெளியே இவள் சொன்னது சரி. மதிப்பெண் உள்ளே இருப்பவருக்கு.

இரண்டு நாள் பொருமினாள். விடுமுறை முடிந்ததும் ஜூனியர் பெண் ஒருத்தி ரெக்கார்டு நோட்டு கேட்டுப் போன் செய்தாள். கூடத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தாள் எங்கள் வீட்டுப் பெண். “தர்றேன்டி. அப்படியே பார்த்து எழுதிரு. முப்பத்திரண்டாயிரம்னு ஒண்ணு இருக்கும், அதை மட்டும் ஏஐ-யக் கேட்டு மாத்திராத. ஏன்னெல்லாம் கேக்காத, அது அப்படித்தான் போடணும்.”